மகன் அனுப்பிய கத்தியில் கல் ஏறவில்லை

கேள்வி: முப்பது வருஷமாகக் கவ்வாத்து வெட்டுகிறேன். லொறி வில்லுத் தகட்டில் ஆசாரி அடித்துத் தந்த கத்தி, முன்பெல்லாம் மத்தியானம் வரை தாங்கும். டவுனில் மோட்டார் சாணை பிடித்ததிலிருந்து பத்து செடி வெட்டுவதற்குள் மழுங்கிவிடுகிறது. கட்டாரில் இருக்கும் மகன் ஒரு மடக்குக் கத்தி அனுப்பினான். அலகில் ‘எஸ்30வி’ என்று இருக்கிறது. மாதக்கணக்கில் கூர் நின்றது. இப்போது என் பழைய கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் ஏறவில்லை. இந்த இரும்பிலேயே கவ்வாத்துக் கத்தி செய்ய முடியாதா, ஐயா?
— ஒரு வாசகர், பொகவந்தலாவை

பதில்: முதலில் ஆசாரியின் கத்தியைப் பார்ப்போம். வாயோரத்தில் நீலம் பாய்ந்திருக்கிறதா? இருந்தால் சாணைக்காரர் தண்ணீர் தொடாமல் பிடித்திருக்கிறார். இரும்பு நீலமாவது ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில். வில்லுத் தகட்டுக்கு ஆசாரி கொடுத்த பதம் அந்தச் சூட்டில் இளகிவிடும். நீலம் ஓடிய பகுதியை ஈரக் கல்லில் கையாலேயே தேய்த்து எடுத்துவிடுங்கள். ஆழமாகப் போயிருந்தால் ஆசாரியிடமே கொடுத்து மறுபடி காய்ச்சித் துவைத்து வாங்குங்கள். மழுங்கிய கத்தியால் கவ்வாத்து வெட்டினால் வாது பிளக்கும், பட்டை உரியும், அந்தக் காயத்தில் தண்ணீர் இறங்கி மரம் உளுக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மகனின் கத்தி வேறு சாதி. 2001இல் அமெரிக்காவில் கத்திகளுக்கென்றே வந்த உருக்கு அது. உருக்கைத் தூளாக்கி, அந்தத் தூளை அழுத்தி இறுக்கிச் செய்வது. கார்பன் ஒன்றரை வீதத்துக்குச் சற்றுக் குறைவு, குரோமியம் 14 வீதம், வனேடியம் 4 வீதம். இந்த வனேடியம் கார்பனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மணிகளாக நிற்கிறது. கூர் நிற்பது அந்த மணிகளால்தான். உங்கள் கல் தோற்பதும் அவற்றிடம்தான். சாதாரணத் தீட்டுக் கல்லில் உள்ள அலுமினியம் ஒக்சைட்டை விட அவை கடினமானவை. கல் சுற்றியுள்ள இரும்பை மட்டும் அரிக்கிறது, மணிகளின் மேல் வழுக்கிவிடுகிறது. காபரண்டம் கல் ஓரளவு பரவாயில்லை. வைரத் தூள் ஒட்டிய தகடுதான் சரியான மருந்து.

உங்கள் பழைய கல்லுக்கு ஏற்ற உருக்கு வேறு வகை. உங்கள் மலையிலிருந்து பலாங்கொடைப் பக்கம் இறங்கினால் சமனலவெவ. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே துருத்தி இல்லாமல், தென்மேல் பருவக்காற்றை மட்டும் நம்பி, மேற்கு பார்த்த உலைகளில் கார்பன் மிகுந்த உருக்கு எடுத்தார்கள். கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அப்படியொரு உலையைக் கட்டி எரித்துக் காட்டினார். அந்த உருக்குக்குக் கடினம் தந்தது கார்பன் மட்டுமே, அதனால் எந்தக் கல்லுக்கும் வளைந்துகொடுக்கும். வில்லுத் தகட்டின் கடினமும் பெரும்பாலும் கார்பனால்தான்.

கவ்வாத்துக்கு எஸ்30வி வேண்டாம். முற்றிய வாதில் வீசி இழுக்கும்போது கை கொஞ்சம் திரும்பினாலும் வாய் பல்லுப் பல்லாகப் பெயரும். மலையில் நின்றுகொண்டு அதைச் சரிசெய்ய முடியாது. வில்லுத் தகடு மடங்குமே தவிரப் பெயராது. இடுப்பில் செருகிய கல்லால் நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

தீட்டும் சாய்வுக்கு அளவுகோல் தேடவேண்டாம். கத்தியைக் கல்மேல் நிமிர்த்திப் பிடியுங்கள், பாதி சாயுங்கள், அதிலும் பாதி. கவ்வாத்துக் கத்திக்கு அது போதும், மகனின் கத்திக்கு இன்னும் கொஞ்சம் படுக்கவிடலாம். மறுபக்கம் விரலுக்குப் பிசிறு தட்டுப்படும்வரை ஒரே பக்கம் தேயுங்கள், பிறகு திருப்புங்கள்.

மகன் அடுத்த முறை வரும்போது இன்னொரு கத்தி வேண்டாம், வைரத் தகடு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். ஆசாரியின் கத்தியும் அதில் நன்றாக ஏறும்.