முகம் தெளிவு, எழுத்து மங்கல்: ஏன்?

பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் நடித்த நாடகத்தை வீடியோ எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வகுப்பில் காது கேளாத தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளும் நாடகத்தை ரசிக்க வேண்டுமே என்று, வசனங்களையெல்லாம் கணிப்பொறியில் தட்டி, படத்தின் அடியில் சப்டைட்டிலாகப் பதித்துவிட்டீர்கள். திரையில் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் கோப்பு மிகப் பெரியது. செல்பேசி வழியே அனுப்ப முடியவில்லை. ஆகவே அதைச் சுருக்கி அனுப்பினீர்கள்.

தோழியின் செல்பேசியில் முகங்கள் நன்றாகவே தெரிகின்றன. மேடையும் விளக்குகளும் தெரிகின்றன. எழுத்துகள் மட்டும் ஈரத்தாளில் மை ஊறியதுபோல் மங்கிக் கிடக்கின்றன. புள்ளி மறைந்ததால் 'பல்' என்பது 'பல' ஆகிவிட்டது. இரண்டு சுழியா மூன்று சுழியா என்று தெரியாததால் 'மனம்' எது, 'மணம்' எது என்று விளங்கவில்லை. யாருக்காக எழுத்தைச் சேர்த்தீர்களோ அவளுக்கே அது பயன்படவில்லை!

முகத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் இந்த நோய் தாக்குவானேன்? காரணத்தைக் காண்போம். காரணம் தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும்.

ஏன் சுருக்க வேண்டும்?

வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் நிலைப்படங்களே. ஒவ்வொரு படமும் சிறுசிறு படப்புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் வேண்டும். ஒரு படத்திற்கு 1920 × 1080 × 3 = 62,20,800 பைட். நொடிக்கு 25 படங்கள் என்றால் 15,55,20,000 பைட். 470 கோடி பைட் கொள்ளும் ஒரு டி.வி.டி. தட்டு 30 நொடியில் நிரம்பிவிடும்! எனவே சுருக்காமல் வழியில்லை.

சுருக்குவது என்றால் எதையாவது விட்டுவிடுவதுதான். எதை விடலாம்? கண் எதைக் கவனிக்காதோ அதை விடலாம். இங்கேதான் ஓர் அழகான கணக்கு வருகிறது.

எண்களை அலைகளாக்குதல்

படத்தை 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம் கொண்ட கட்டங்களாகப் பிரிப்பது ஒரு வழக்கம். ஒரு கட்டத்தில் ஒரேயொரு வரிசையைப் பார்ப்போம். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று ஒளிர்வை அளப்பார்கள். கன்னத்தில் ஒளி மெல்ல மெல்லக் கூடும் இடத்தில் எட்டுப் புள்ளிகள் இப்படி இருக்கலாம்:

100, 102, 104, 106, 108, 110, 112, 114

இவற்றின் சராசரி 107. இத்துடன் 6.44 உயரமுள்ள அரை கொசைன் அலை ஒன்றைச் சேர்த்தால் கிடைப்பது:

101, 102, 103, 106, 108, 111, 112, 113

எட்டு எண்களுக்குப் பதில் இரண்டே எண்கள்! எந்தப் புள்ளியிலும் பிழை 1-ஐத் தாண்டவில்லை. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. முகம், வானம், சுவர் போன்றவற்றில் ஒளி மெதுவாகவே மாறுவதால் அவை இந்தக் கணக்குக்கு எளிதில் அடங்கிவிடுகின்றன.

இம்முறையை வகுத்தவர் 1940-இல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1972-இல், இதை ஆராய அந்நாட்டு அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. ஆயினும் ஆராய்ச்சியை அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். இன்று நாம் காணும் ஜே.பெக் படங்களும் பெரும்பாலான வீடியோக்களும் இந்த முறையையோ இதற்கு நெருங்கிய உறவான ஒன்றையோ பயன்படுத்துகின்றன.

எழுத்துக்கு நேர்வது என்ன?

இப்போது அதே கணக்கை எழுத்தின்மீது செலுத்துவோம். மங்கலான பின்னணியில் இரண்டு புள்ளி அகலமுள்ள வெள்ளைக் கோடு ஒன்று:

50, 50, 50, 240, 240, 50, 50, 50

சராசரி 97.5. ஆனால் இம்முறை ஓர் அலை போதாது. கட்டத்துக்குள் ஒரு முறை ஏறி இறங்கும் அலையின் உயரம் 88, இரு முறை ஏறி இறங்குவது 67, மூன்று முறை ஏறி இறங்குவது 36 என்று மூன்று அலைகள் வேண்டும்.

சுருக்கும் நிரல் ஒவ்வோர் அலையின் உயரத்தையும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து, விடையை முழு எண்ணாக்குகிறது. வேகமாக ஏறி இறங்கும் அலைகளைப் பெரும்பாலும் பெரிய எண்ணால் வகுக்கும். 36-ஐ 80-ஆல் வகுத்தால் 0.45, முழு எண்ணாக்கினால் 0. அந்த அலை அடியோடு போய்விட்டது! மற்ற அலைகள் மாறவில்லை என்றே கொண்டாலும், திரும்பக் கிடைக்கும் வரிசை இதுதான்:

64, 16, 84, 226, 226, 84, 16, 64

பாருங்கள்! கோட்டின் வெண்மை குறைந்துவிட்டது. கோட்டை ஒட்டிச் சாம்பல் நிறம் படிந்தது, இதுவே மங்கல். அதற்கப்பால் ஒரு கருநிழல், பிறகு மீண்டும் வெளுப்பு. எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் தெரியும் அழுக்கு இதனால் வருவதே. பொறியாளர்களும் இதைக் 'கொசு இரைச்சல்' என்றுதான் சொல்கிறார்கள்.

காரணம் விளங்கிவிட்டதல்லவா? கன்னத்துக்கு வேகமான அலைகள் தேவையில்லை. எழுத்தின் கூர்மையோ அந்த அலைகளில்தான் இருக்கிறது. முதலில் வெட்டுப்படுவதும் அவையே.

நிறத்திலும் ஒரு சிக்கனம்

நம் கண் ஒளிர்வின் நுணுக்கத்தை நன்கு காணும். நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகக் காணாது. ஆகவே வீடியோவில் ஒளிர்வைப் புள்ளிக்குப் புள்ளி குறித்துவிட்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகக் குறிப்பது வழக்கம். மெல்லிய சிவப்பு எழுத்தின் நிறம் பக்கத்துப் புள்ளிகளில் கசிவது இதனால்தான்.

எந்த நிறம் நல்லது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒளிர்வில் சிவப்பின் பங்கு 0.299, பச்சையின் பங்கு 0.587, நீலத்தின் பங்கு 0.114. முழு மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. அதன் ஒளிர்வு 226. முழுச் சிவப்பின் ஒளிர்வு 76. முழு நீலத்துக்கோ 29-தான். கறுப்பு விளிம்பிட்ட மஞ்சள் அல்லது வெள்ளை எழுத்தின் உருவம் ஒளிர்விலேயே பதிந்துவிடுகிறது. நிறம் கசிந்தாலும் படிக்க முடியும்.

அறிகுறியும் மருந்தும்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல், வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி எழுத்தை உற்றுப் பாருங்கள். சுருக்குவதற்கு முந்தைய வீடியோவையும் அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அங்கேயே மங்கலாக இருந்தால் சுருக்கத்தின்மேல் பழி இல்லை.

1. எழுத்தைச் சுற்றி அழுக்கு: வேகமான அலைகள் வெட்டப்பட்டுள்ளன. நொடிக்கு ஒதுக்கும் பிட்களைக் கூட்டுங்கள். எக்ஸ்264 என்னும் நிரலில் தர எண் 0 முதல் 51 வரை உண்டு. எண் குறையக் குறையத் தரம் கூடும். வழக்கமான 23-க்குப் பதில் 18 அல்லது 20 வைத்துப் பாருங்கள். கோப்பு பெரிதாகும்.

2. அழுக்கில்லை, எல்லா எழுத்தும் ஒரே சீராக மழுங்கியுள்ளன: படத்தின் அளவைக் குறைத்ததே காரணம். 1920 புள்ளி அகலத்தை 640 ஆக்கினால் மூன்று புள்ளி அகலக் கோடு ஒரு புள்ளியாகிவிடும். முதலில் படத்தைச் சிறிதாக்குங்கள்; அதன் பிறகே எழுத்தைப் பெரிதாகப் பதியுங்கள்.

3. நிறம் மட்டும் கசிகிறது: மஞ்சள் அல்லது வெள்ளைக்கு மாறுங்கள், கறுப்பு விளிம்பு இடுங்கள்.

4. எழுத்து தோன்றும்போது மங்கல், சற்று நேரத்தில் தெளிவு: வீடியோவில் ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவதில்லை, முந்தைய படத்திலிருந்து என்ன மாறிற்று என்பதையே பெரும்பாலும் எழுதுகிறார்கள். புதிதாய் முளைத்த எழுத்து முந்தைய படத்தில் இல்லை. அந்த நேரத்தில் காட்சியும் வேகமாக மாறினால் இரண்டுக்கும் பிட் போதாது. மருந்து, முதலாவதற்குச் சொன்னதே.

5. கைமாறக் கைமாற மோசமாகிறது: ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் புதிய பிழை சேர்கிறது. சுருக்கியதை மீண்டும் சுருக்காதீர்கள். மூல வீடியோவிலிருந்து ஒரே முறை சுருக்குங்கள்.

எல்லாவற்றிலும் மேலான வழி

எழுத்தைப் படமாக்கியதால்தானே இத்தனை தொல்லை? அதை எழுத்தாகவே விட்டுவைத்தால் என்ன?

வசனங்களையும் அவை தோன்றி மறையும் நேரங்களையும் தனிக் கோப்பாக வைக்கலாம். வீடியோ ஓடும்போது கருவியே அவற்றைத் திரையின் அளவுக்கேற்ப, கூர்மையாக எழுதிக் காட்டும். இதற்கு ஆகும் செலவு எவ்வளவு? ஒரு வரிக்கு 40 குறிகள், தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட், நேரக் குறிப்புக்கு 40 பைட் என்றால் வரிக்கு 160 பைட். ஆயிரம் வரிக்கு 1,60,000 பைட். சுருக்காத ஒரே ஒரு படத்தில் இது 39-இல் ஒரு பங்குதான்! முழு நாடகத்தின் வசனமும் இதற்குள் அடங்கிவிடும்.

சில செல்பேசிச் செயலிகள் தனிக் கோப்பை ஏற்பதில்லை. அப்போது மட்டும் எழுத்தைப் படத்தில் பதியுங்கள். மேற்சொன்ன மருந்துகளை நினைவில் வையுங்கள். அனுப்புமுன் ஒரு சிறிய செல்பேசியில், ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டு, நாடகத்தைப் பாருங்கள். கதை உங்களுக்குப் புரிந்தால் உங்கள் தோழிக்கும் புரியும். அந்தச் சோதனைக்கு ஈடான கருவி எதுவும் இல்லை.

செய்து பாருங்கள்

கிராஃப் தாளில் 8 × 8 கட்டம் ஒன்று வரையுங்கள். அதற்குள் 'ண' எழுத்தைப் பென்சிலால் எழுதுங்கள். பாதிக்கு மேல் கோடு படிந்த சிறு கட்டங்களை முழுக்கக் கறுப்பாக்குங்கள்; மற்றவற்றை அழித்துவிடுங்கள். தாளை எட்ட வைத்துப் பாருங்கள். மூன்று சுழிகளும் தெரிகின்றனவா? 12 × 12, 16 × 16 கட்டங்களிலும் செய்து, மூன்று சுழிகளும் தெளிவாகத் தெரியக் குறைந்தது எத்தனை கட்டங்கள் வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். பிறகு 'ட' எழுத்துக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன என்று சிந்தியுங்கள்.