சைக்கிளை உடலுக்கு இசைவித்தல்

நெசவாளர் தம் தறியின் மிதிக்கட்டையைக் காலின் நீளத்திற்கேற்பக் கட்டிக்கொள்கிறார். ஆனால் நூல் வாங்கவும் துணி ஒப்படைக்கவும் அவர் நெடுந்தொலைவு மிதித்துச் செல்லும் சைக்கிளோ, கடையில் பூட்டிக் கொடுத்த நிலையிலேயே பல்லாண்டு இருந்துவிடுகிறது. காய்கறி மூட்டையுடன் சந்தைக்குச் செல்லும் விவசாயிக்கும் இதே நிலைதான். முழங்கால் நோவையும் கை மரப்பையும் பயணத்தின் இயல்பென்று நாம் எண்ணிவிடுகிறோம். அவற்றுட் பெரும்பகுதி ஒரு ஸ்பானரால் தீரக்கூடியதாகும்.

1. சீட்டின் உயரம்: சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் அமர்க. பெடல் மிகத் தாழ்ந்து நிற்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒருபுறம் சாயலாகாது. பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கி நிற்கும். இதுவே தக்க உயரம். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறமும், மிக உயர்ந்திருந்தால் அதன் பின்புறமும் நோகும். 1967-இல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்னும் இருவர் ஆராய்ந்து, பெடலிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உட்கால் நீளத்தில் 109 விழுக்காடு இருத்தல் நலம் எனக் கண்டனர். உட்கால் 80 சென்டிமீட்டராயின் இது ஏறத்தாழ 87 சென்டிமீட்டர். குதிகால் முறை இதற்குச் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். சுமையுடன் அடிக்கடி இறங்கி ஏறும் நமக்கு அதுவே ஏற்றது.

2. சீட்டின் இருப்பு: பெடல்கள் இரண்டும் சமமட்டத்தில் நிற்கையில், முன்காலின் முழங்காற்சில்லுக்குக் கீழிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுக. அது பெடலின் அச்சுக்கு நேராகவோ சற்றுப் பின்னோ விழ வேண்டும். சீட் மட்டமாக இருத்தல் அவசியம். முன்முனை தாழ்ந்தால் உடல் முன்னே வழுக்கி, பாரம் முழுதும் கைகளில் இறங்கும்.

3. ஹாண்டில்பார்: இதனைச் சீட்டின் மட்டத்திலோ சற்று மேலோ வைத்தால் முதுகு நிமிர்ந்தும் முழங்கை சிறிது மடங்கியும் இருக்கும். உள்ளங்கையில் பாரம் நெடுநேரம் அழுந்தினால் அங்குள்ள நரம்பு நெருக்கப்பட்டு, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். அறுந்த இழையை முடிய வேண்டிய விரல்கள் மரப்பது நெசவாளருக்குக் கூலி இழப்பன்றோ! வழியில் அவ்வப்போது பிடியை மாற்றிக்கொள்வதும் நன்று.

எச்சரிக்கை: சீட் தண்டிலும் ஹாண்டில்பார் தண்டிலும் உயர்த்தும் எல்லையைக் காட்டும் கோடு இருப்பின், அது வெளியே தெரியுமளவு உயர்த்தலாகாது. கோடு இல்லையேல் இரண்டரை அங்குலமேனும் குழாயினுள் இருக்க வேண்டும். கம்பி பிரேக் உள்ள சைக்கிளில் ஹாண்டில்பாரை உயர்த்தினால் பிரேக் கம்பிகளின் நிலையும் மாறும். அவற்றைச் சரிசெய்து, நின்ற இடத்திலேயே பிரேக்கைச் சோதித்த பின்னரே சாலையில் இறங்குக.

ஒரே சைக்கிளைக் குடும்பத்தில் பலர் ஓட்டுவதுண்டு. அவரவர் உயரத்திற்குச் சீட் தண்டில் வெவ்வேறு வண்ணக் கோடிட்டு வைத்தால் மாற்றுவது எளிது.

எம்மாற்றத்தையும் ஒரே நாளில் மிகுதியாகச் செய்யாது, கால் அங்குலம் கால் அங்குலமாகச் செய்து, சில நாள் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னரும் மரப்போ நோவோ நீடித்தால் மருத்துவரை நாடுக. காலும் கையும் நம் தொழிலின் முதல். அவற்றை வீணே தேய விடாதிருப்போமாக.