பள்ளிக்கூட மேட்சை வீட்டுக்குக் கொண்டுவர...

தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது வடுவூர். அங்கே கபடி என்றால் ஊரே மைதானத்தில்தான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் வடுவூர்ப் பையன் அபினேஷ் மோகன்தாஸும் இருந்தார். ஆனால் நம் பிள்ளைகள் முதலில் ஆடுகிற குறுவட்டப் போட்டியை எந்த டிவியும் காட்டாது. டெல்டாவில் எத்தனையோ அப்பாக்கள் குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முழங்கால் வலியோடு அப்பாயி திண்ணையில் இருக்கிறார். அவர்களுக்காக ஒரு போனை நட்டுவைத்து நேரலை விடுவது பெரிய வித்தை இல்லை. அக்கா மகள் கபடி ஆட ஆரம்பித்ததிலிருந்து நான் பழகிக்கொண்டவை இவை.

1. முதலில் அனுமதி. தலைமை ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், போட்டியை நடத்துகிற பள்ளி, இந்த மூன்று இடத்திலும் கேட்டுவிடுங்கள். எதிரணியின் ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "எங்க பிள்ளையை எடுக்காதீங்க" என்று ஒரு பெற்றோர் சொன்னாலும் அன்றைக்கு நேரலையே வேண்டாம். அதில் பேரம் பேசக் கூடாது.

2. யூடியூப் என்றால் இரண்டு நாள் முன்பே வேலையைத் தொடங்குங்கள். போன் எண்ணைச் சரிபார்த்து லைவ் வசதியை முதன்முறை இயக்கினால், அது திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். போனிலிருந்தே நேரலை விட 50 சந்தாதாரர் வேண்டும். பிள்ளையின் கணக்கில் செய்யாதீர்கள். 2025 ஜூலை 22 முதல் 16 வயது ஆகாதவர்கள் தனியாக லைவ் போட முடியாது. பெரியவர் ஒருவரின் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 'பப்ளிக்' வேண்டாம், 'அன்லிஸ்டட்' போதும். லிங்க் கையில் இருப்பவர்தான் பார்க்க முடியும்.

3. 50 பேர் சேரவில்லையா? வாட்ஸ்அப் குரூப் வீடியோ காலில் 32 பேர் வரை சேரலாம். சொந்தக்காரர்களுக்கு அதுவே தாராளம். பார்ப்பவர்கள் எல்லோரும் மைக்கை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குவைத் சமையலறையில் குக்கர் விசில் அடிப்பதுதான் எல்லோருக்கும் கேட்கும்.

4. டேட்டா கணக்கை முதல் நாள் இரவே போடுங்கள். 720 தரத்தில் நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் மணிக்கு ஏறக்குறைய 1.8 ஜிபி போகும். தினம் ஒன்றரை ஜிபி பேக் வைத்திருந்தால் இரண்டாவது மேட்சில் படம் நின்றுவிடும். கூடுதல் டேட்டா பேக் போட்டுக்கொள்ளுங்கள். அன்று காலையில் அந்த சிம்மில் ரீல்ஸ் பார்க்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியும் வையுங்கள். 1080-க்கு ஆசைப்படாதீர்கள். அறுந்து அறுந்து வரும் பளிச் படத்தைவிட, நிற்காமல் வரும் சுமாரான படம்தான் தூரத்தில் இருப்பவருக்கு வேண்டும்.

5. சிக்னலைக் காலியான மைதானத்தில் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். நாலு பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியதும் டவர் திணறும். முதல் மேட்ச் நடக்கும்போதே வேகத்தைச் சோதியுங்கள். பதிவேற்ற வேகம் 8 மெகாபிட்டுக்குக் குறைந்தால் தரத்தை 480-க்கு இறக்கிவிடுங்கள். வேறு கம்பெனி சிம் ஒன்று கையில் இருக்கட்டும். வயலுக்கு நடுவில் இருக்கும் மைதானங்களில் பத்தடி தள்ளி நின்றாலே சிக்னல் மாறும்.

6. போன் வந்தால் நேரலை அறும். ஒரு வருவாய் மாவட்ட அரையிறுதியில் கடைசி ரெய்டு. இரண்டு பாயிண்ட் வித்தியாசம். அக்கா மகள் ஏறிப் போகிறாள். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு கால் வந்தது. படம் நின்றது. குவைத்திலிருந்து அவள் அப்பா அனுப்பிய "என்னாச்சு? என்னாச்சு?" என்ற மெசேஜ்களை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து இரண்டு போன். படம் எடுக்கிற போன் ஏரோப்ளேன் மோடில், வைஃபை மட்டும் திறந்து. இன்னொரு போன் ஹாட்ஸ்பாட் கொடுக்கும்.

7. போனைப் படுக்கைவாட்டில் வையுங்கள். நடுக்கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில் நில்லுங்கள். பையன்கள் களம் 13 மீட்டருக்கு 10, பெண்கள் களம் 12-க்கு 8. முழுக் களமும் சட்டத்துக்குள் வர, கோட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டராவது பின்னால் போக வேண்டும். அவ்வளவு தள்ளினால் நடுவில் ஆள் நிற்பார்கள். அதனால் உயரம் தேவை. பள்ளி மாடி வராந்தா இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. நிறுத்தியிருக்கும் டிராக்டர் டிரெய்லரும் உதவும். ஆனால் அதில் பையன்கள் ஏறிக் குதித்தால் படமும் குதிக்கும். ரெய்டருக்குப் பின்னாலேயே போனைத் திருப்பாதீர்கள். நேராக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். காலை மேட்ச் என்றால் களத்துக்குக் கிழக்கே, மாலை என்றால் மேற்கே. வெயில் நம் முதுகில் விழ வேண்டும்.

8. குறுவட்டம் பெரும்பாலும் ஆடி, ஆவணியில் வரும். ஆடிக் காற்று ஸ்டாண்டைச் சாய்த்துவிடும். மஞ்சப்பையில் இரண்டு மூன்று கிலோ மணலை அள்ளி ஸ்டாண்டின் நடுக்கம்பியில் தொங்கவிடுங்கள். மைக் துளையில் மெல்லிய பஞ்சுத் துண்டை லேசாக ஒட்டினால் காற்றின் 'ஹோ' சத்தம் குறையும்.

9. வெயிலில் போன் சூடேறித் தானே அணையும். பின்கவரைக் கழற்றிவிடுங்கள். குடையை ஸ்டாண்டுக்கு மேலே கட்டுங்கள், இல்லையென்றால் வெள்ளைத் துண்டை மேலே நிழலாக விரியுங்கள். ஐஸ் வைக்கவே கூடாது, உள்ளே நீர் கோத்துவிடும். பவர் பேங்க்கையும் நிழலில் வையுங்கள். மேட்சுக்கு நடுவிலுள்ள ஐந்து நிமிட இடைவேளையில் போனைத் தொட்டுப் பாருங்கள்.

10. மைக் செட் குழாய்க்கு நேரெதிரே நிற்காதீர்கள், குரல் கரகரக்கும். சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமை காரணமாக யூடியூப் நேரலையையே நிறுத்தக் கூடும். மைக் செட் அண்ணனிடம் ஆட்டம் நடக்கும்போது பாட்டு வேண்டாம் என்று மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால் அந்த நேரம் நம் ஒலியை அணையுங்கள்.

11. ஸ்கோரை யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அணியில் இடம் கிடைக்காத பிள்ளை ஒன்றை வர்ணனைக்கு உட்கார வையுங்கள். அவர்களுக்கு ஆட்டமும் தெரியும், மனசும் ஆறும். "அஞ்சாம் நம்பர் ஏறுது, போனஸ் எடுத்துட்டா, பன்னெண்டுக்குப் பத்து" என்று சொன்னாலே போதும். கண் மங்கியவர்களுக்கு அந்தக் குரல்தான் மேட்ச். ஸ்லேட்டில் பெரிதாக எழுதிய ஸ்கோரைச் சட்டத்தின் ஓரத்தில் வையுங்கள்.

12. முதல் தடவை எங்கள் அப்பாயி, "எல்லாரும் எறும்பு மாதிரி ஓடுறாங்களேடி, நம்ம புள்ள எது?" என்று கேட்டார். அதிலிருந்து ஜெர்சி நிறத்தையும் நம்பரையும் முன்கூட்டியே குடும்பக் குரூப்பில் போட்டுவிடுகிறேன். நேரலையில் சொல்வது நம்பர் மட்டுமே. பிள்ளையின் முழுப்பெயர், தெரு, வீட்டுக்கு எந்த பஸ்ஸில் போவாள் என்பதெல்லாம் வெளியே போகக் கூடாது.

13. பெண் பிள்ளைகள் மேட்சில் ஜூம் செய்யவே செய்யாதீர்கள். பிடியில் விழுந்து கிடக்கும்போதும், அடிபட்டு அழும்போதும், உடையைச் சரிசெய்யும்போதும் கேமரா முழுக் களத்தைத்தான் பார்க்க வேண்டும். கமெண்ட்டை மூடிவையுங்கள். தன்னை யார் எப்படி எடுக்கிறார்கள் என்ற கவலை இல்லாமல் இருந்தால்தான் பிள்ளை தைரியமாக ஏறிப் போகும்.

14. நேரத்தை மூன்று ஊர்க் கணக்கில் எழுதி அனுப்புங்கள். இங்கே மாலை 3 மணி என்றால் குவைத்தில் பகல் 12.30, சிங்கப்பூரில் 5.30. மேட்ச் சொன்ன நேரத்துக்குத் தொடங்காது. "முந்தைய மேட்ச் இரண்டாம் பாதி ஓடுது" என்று ஒரு வரி போட்டால், டூட்டியில் இருப்பவர் டீ இடைவேளையைத் தள்ளி வைத்துக்கொள்வார்.

15. யூடியூபில் படம் சில நொடிகள் தாமதித்துத்தான் போய்ச்சேரும். கடைசி விசில் ஊதியதும் குரூப்பில் "ஜெயிச்சுட்டோம்!" என்று போட்டுவிடாதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். அந்தக் கடைசி ரெய்டை அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கட்டும்.

16. ஐப்பசி மழை பிடித்தால் போட்டி உள்ளரங்குக்கு மாறும். போனைக் காய்ந்த துணியில் துடைத்துவிட்டு, ஈரமில்லாத கையால் சார்ஜரைக் குத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காமல் பெஞ்சின் மேல் வையுங்கள். உள்ளே எதிரொலி அதிகம், அதனால் வர்ணனை செய்யும் பிள்ளை போனுக்குப் பக்கத்திலேயே உட்காரட்டும்.

17. மேட்ச் முடிந்ததும் பதிவை இறக்கிப் பென் டிரைவில் போட்டு உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள். கணுக்கால் பிடி எங்கே நழுவியது என்று பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்டுவார். ஒரு வாரம் கழித்து யூடியூப் பதிவை 'பிரைவேட்' ஆக்கிவிடுங்கள். அதற்குள் அப்பாயி எத்தனை முறை கேட்டாலும் போட்டுக் காட்டுங்கள்.