ஊர் திரும்புமுன் சிறுநீரகக் கிளினிக் தாதியிடம் கேட்க வேண்டியவை

கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் தங்கியிருந்து வன்னிக்கோ திருகோணமலைக்கோ திரும்பும் உங்கள் குடும்பத்தில் சிறுநீரக நோயாளி ஒருவர் இருந்தால், கூரைத் தகரத்துக்கு முன் கவனிக்க வேண்டியது அவருடைய கிளினிக் புத்தகம். கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனையிலோ எழுதிய மருந்து அளவுகளும் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் அதில்தான் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் புதிய வைத்தியசாலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். பயணத் திகதி தெரிந்தவுடனேயே கிளினிக் தாதியிடம் சொல்லுங்கள். மாற்றக் கடிதத்தையும் நோய் நிர்ணய அட்டையின் பிரதியையும் எப்படிப் பெறுவது, புதிய இடத்தில் முதல் கிளினிக் வரை எத்தனை நாளுக்கு மருந்து தேவை என்பதையெல்லாம் அவரிடம் கேட்கலாம். சிங்களம் சரளமாக வராவிட்டால் இரு மொழியும் தெரிந்த வளர்ந்தவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடுவது நல்லதல்ல. தாய் தகப்பனின் நோய் விபரம் அவர்களுக்குப் பெரிய பாரம்.

நாட்பட்ட சிறுநீரக நோய் நெடுங்காலம் வலிக்காது. அதனால்தான் பலர் "இப்ப சுகம்தானே" என்று பிரஷர் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். தாதி ஒவ்வொரு முறையும் நிறையையும் பிரஷரையும் அளந்து எழுதுவது சடங்குக்காக அல்ல. ஓரிரு நாளில் நிறை சட்டென்று கூடினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள். கால் வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்.

தண்ணீர் விடயத்தில் ஒரு சிக்கல் உண்டு. கண்டியின் குளிரில் சொன்ன அளவு, வவுனியா வெயிலில் வயலில் நிற்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். சிலர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். உடம்பில் நீர் தேங்குபவரும் டயலிசிஸ் செய்பவரும் குறைத்தே குடிக்க வேண்டும். உங்களுக்கு எது என்பதைத் தாதியிடம் போத்தல் கணக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள். அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா போன்ற வரண்ட பகுதிகளில் 1990களிலிருந்து நீரிழிவோ பிரஷரோ இல்லாத விவசாயிகளிடமும் இந்நோய் காணப்படுகிறது. காரணம் இன்னும் முடிவாகவில்லை. ஆகவே பல வருடம் கிடந்த கிணற்று நீரைக் குடிக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கிருமிநாசினி வந்த கானில் குடிதண்ணீர் எடுக்கவே வேண்டாம், எத்தனை முறை கழுவியிருந்தாலும். குடும்பத்தில் மற்றவர்களும் சிறுநீர், இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

உடம்பு நோவுக்குப் பாமசியில் டைக்குளோபெனாக், ஐபுபுரோபன் வாங்கிப் போடுவது மிகப் பெரிய தவறு. வீடு கட்டும் நாட்களில் இது கட்டாயம் நடக்கும். நோவுக்கு எது எடுக்கலாம் என்று முன்னமே கேட்டு வையுங்கள். பெயர் தெரியாத நாட்டு மருந்தும் வேண்டாம்.

சாப்பாட்டில் முதலில் குறைக்க வேண்டியது உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலேயே அது கூடுதலாக உண்டு; நிவாரணப் பொதியில் வரும் டின்மீனிலும் உண்டு. இரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்கள் இளநீரையும் வாழைப்பழத்தையும் பற்றித் தாதியிடம் கேட்க வேண்டும். மரக்கறியைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். கண்டி வீட்டுத் தோட்டங்களில் காய்க்கும் காமரங்காவையும் பிலிங்காயையும் சிறுநீரக நோயாளி தொடவே கூடாது. அவற்றின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

டயலிசிஸ் செய்பவர் வேறு யாரையும்விட முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அது பொதுவாக வாரத்தில் இரண்டு அல்லது மூன்று தடவை, ஏறத்தாழ 4 மணித்தியாலம். புதிய இடத்தில் இயந்திரத்துக்கு இடம் உறுதியாகும் வரை அவர் புறப்படக் கூடாது. வீட்டுக்காரர் முன்னே போய்க் காணியைத் துப்புரவு செய்யட்டும். இரத்தக் குழாய் இணைத்த கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி குத்தவோ விடாதீர்கள். அந்தக் கையால் சீமெந்துப் பையும் தூக்க வேண்டாம். தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் அதிர்வு நின்றிருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.