ராஸ்தா பேட்டைப் பதிவு முதல் சாக்கன் கேட் வரை: புனேயில் வேலை தேடுவோரின் நம்பிக்கைகளும் உண்மைகளும்

“பதிந்து வைத்தால் முறை வரும்போது கூப்பிடுவார்கள்”

தமிழ்நாட்டிலிருந்து புனேக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் இந்த நம்பிக்கை இன்றும் வலுவாக இருக்கிறது. பதிவு மூப்பு, புதுப்பித்தல், நேர்காணல் கடிதம் என்று ஒரு தலைமுறையே காத்திருந்து பழகியதால் வந்த நம்பிக்கை அது. மகாராஷ்டிரத்தில் அந்த வரிசை இப்போது இல்லை.

வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945 ஜூலையில், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் தொடங்கின. படையிலிருந்து வீடு திரும்பும் வீரர்களுக்கு வேலை தேடித் தருவதுதான் அவற்றின் முதல் பணி. 1948-இல் எல்லோரும் பதியலாம் என்றானது. 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்குப் போனது. அரசு நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை இந்த அலுவலகங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தெரிவிப்பது மட்டுமே கடமை. அங்கே பதிந்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1987-இல் ஹர்கோபால் வழக்கில் தெளிவுபடுத்தியது. அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நிற்காமல் செய்தித்தாள், வானொலி போன்றவற்றிலும் விளம்பரம் செய்து விண்ணப்பம் பெற வேண்டும் என்று 1996-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. பழைய சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இந்த நிலையை மாற்றவில்லை.

புனே மாவட்ட அலுவலகம் ராஸ்தா பேட்டையில் இருக்கிறது. அதன் இன்றைய பெயர் ‘மாவட்டத் திறன் மேம்பாடு, வேலைவாய்ப்பு, தொழில்முனைவு வழிகாட்டு மையம்’. பதிவு ‘மகாஸ்வயம்’ என்ற மாநில இணையதளத்தில் நடக்கிறது. ஒன்றிய அரசு 2015 ஜூலை 20-இல் தொடங்கிய ‘தேசிய வேலைவாய்ப்புச் சேவை’ தளத்தில் நாட்டின் எந்த ஊரில் இருப்பவரும் பதியலாம். அதன் உதவி எண் 1514. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

முறை வராது என்று தெரிந்தவுடன் பதிவே வீண் என்று ஒதுக்குவது அடுத்த பிழை. ‘ரோஜ்கார் மேளாவா’ எனப்படும் அரசு வேலைவாய்ப்பு முகாம்களுக்கான அழைப்பு இந்தப் பதிவின் வழியாகத்தான் வருகிறது. 2024-இல் தொடங்கிய முதலமைச்சர் இளைஞர் பணிப்பயிற்சித் திட்டத்துக்கும் மகாஸ்வயம் பதிவு வேண்டும். 18 முதல் 35 வயதுக்கு உட்பட்ட மகாராஷ்டிர வாசிகளுக்கான அந்தத் திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 6,000, ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ படித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 10,000 ரூபாய் உதவித்தொகை. தொடக்கத்தில் ஆறு மாதமாக இருந்த பயிற்சிக்காலம் பிறகு பதினொரு மாதமாக நீட்டப்பட்டது. பயிற்சி முடிந்ததும் அந்த இடமே நிரந்தர வேலையாகும் என்ற உறுதி எதையும் திட்டம் தரவில்லை. அப்படிச் சொல்லி ஆள் சேர்ப்பவரை நம்பக் கூடாது.

“கொஞ்சம் பணம் கட்டினால் சீக்கிரம் நடக்கும்”

புனேயில் வேலை தேடுபவர் மிக அதிகமாக இழப்பது இந்த நம்பிக்கையால்தான். பெரிய நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் உண்மையான ஏஜென்சிகள் தங்கள் கட்டணத்தை நிறுவனத்திடமே வாங்கிக்கொள்கின்றன. வேலை தேடி வருபவரிடம் கை நீட்டும் ஏஜென்டுக்கு வருமானம் அந்த வேலை தேடுபவர் மட்டும்தான். அதனால் வேலை கிடைக்கிறதா இல்லையா என்பது அந்த ஏஜென்டுக்கு ஒரு பொருட்டில்லை.

பணம் கேட்கும் விதம் படிப்படியாக நகரும். முதலில் பதிவுக் கட்டணம் என்று ஐந்நூறோ ஆயிரமோ. தொலைபேசியில் ஒரு நேர்காணல், இரண்டே நாளில் பெரிய நிறுவனத்தின் முத்திரையோடு ஆஃபர் லெட்டர். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், சீருடை. ஒவ்வொரு தொகையும் ‘திரும்பக் கிடைக்கும்’ என்றே சொல்லப்படும். ஏற்கெனவே கட்டிய பணம் போய்விடுமே என்ற பயம்தான் அடுத்த தொகையைக் கட்ட வைக்கிறது. ஹிஞ்சவாடியின் ஐ.டி. நிறுவனங்களின் பெயர் இப்படி அடிக்கடி இழுக்கப்படுகிறது. வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று பெரிய நிறுவனங்கள் தங்கள் தளங்களிலேயே எச்சரித்திருக்கின்றன. ஆஃபர் லெட்டரில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டு விசாரிப்பதில் பயனில்லை, எடுப்பவர் அதே கும்பலின் ஆள்தான். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணையோ மின்னஞ்சலையோ தேடி விசாரிக்க வேண்டும். பெயரே தெரியாத சிறு நிறுவனமாக இருந்தால் ஒன்றிய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அது பதிவானதா, எப்போது பதிவானது என்று இலவசமாகப் பார்க்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனேயே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்ல வேண்டும். பணம் கைமாறிப் போகும் கணக்குகளை முடக்க முதல் சில மணி நேரம்தான் உண்டு. வெட்கப்பட்டு ஒரு வாரம் மறைத்து வைப்பவர்களே முழுத் தொகையையும் இழக்கிறார்கள். ஏமாந்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதை வீட்டில் இருப்பவர்கள் முதலில் உணர வேண்டும்.

அரசு வேலைக்குப் பணம் கொடுத்தால் போதும் என்பது இதைவிட ஆபத்தானது. ஆசிரியர் தகுதித் தேர்வு முறைகேட்டை 2021 டிசம்பரில் புனே சைபர் காவல்துறை வெளிக்கொணர்ந்தது. மதிப்பெண் திருத்தப்பட்டதாகக் கண்டறியப்பட்ட 7,800-க்கு மேற்பட்ட தேர்வர்கள் 2022-இல் தகுதி இழந்தார்கள். இடைத்தரகரிடம் கொடுத்த பணமும் போய், படித்த படிப்பின் பயனும் போனது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம், கும்பலாக நடக்கும் முறைகேட்டுக்குப் பத்து ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது.

“அனுபவச் சான்றிதழ் ஒன்று வாங்கிவிட்டால் கதவு திறந்துவிடும்”

இல்லாத கம்பெனியின் பெயரில் இரண்டு, மூன்று ஆண்டு அனுபவம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் தயாரித்து விற்பவர்கள் உண்டு. வாங்குபவர் கவனிக்காமல் விடுவது வருங்கால வைப்பு நிதியின் (பி.எஃப்.) யூ.ஏ.என். எண்ணை. பி.எஃப். பிடிக்கும் எந்த நிறுவனத்தில் வேலை செய்தாலும் சேர்ந்த நாளும் விலகிய நாளும் அந்த ஓர் எண்ணின் கீழ் ஏறிவிடும். பின்னணி சரிபார்ப்பில் ஐ.டி. நிறுவனங்கள் முதலில் கேட்பது அதைத்தான். சான்றிதழில் மூன்று ஆண்டும் பி.எஃப். பதிவில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் கழிந்த பிறகும் வெளியேற்றுவார்கள். போலி ஆவணத்தை உண்மையென்று காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றமும்கூட. இரண்டு ஆண்டு இடைவெளியை உள்ளபடி சொல்லும் ரெஸ்யூமுக்கு அழைப்பு குறைவாக வரலாம். ஆனால் வந்த வேலை நிலைக்கும்.

“அப்ரண்டிஸ் என்றால் சம்பளமில்லா வேலை”

பிம்ப்ரி, போசரி, சாக்கன், தளேகாவ், ராஞ்சன்காவ் என்று நகரைச் சுற்றி விரியும் தொழிற்பேட்டைகளில் நுழைய ஐ.டி.ஐ. படித்தவருக்கு நேரான வழி தொழிற்பழகுநர் பயிற்சிதான். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 30 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் தங்கள் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். உதவித்தொகைக்குக் குறைந்தபட்ச வரம்பு உண்டு. ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாக வேண்டும். பதிவு எண் இல்லாமல் ‘ட்ரெய்னி’ என்ற பெயரில் வேலை வாங்கினால் அது இந்தச் சட்டத்தின் பயிற்சி ஆகாது.

மறுபக்கத்தில் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது: அப்ரண்டிஸாக நுழைந்தால் அங்கேயே நிரந்தரம். சட்டத்தின் கண்ணில் அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். பி.எஃப். பிடித்தமும் இல்லை. வேலை கொடுப்பதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. பிற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் சொன்னது. வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்ற உரிமையை அது தரவில்லை. பயிற்சியின் பலன் கையில் வரும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். தேஹு ரோடு படைக்கலத் தொழிற்சாலை அண்மை ஆண்டுகளில் ஒப்பந்தக் கால அடிப்படையில் ஆள் எடுத்தபோது படைக்கலத் தொழிற்சாலைகளில் அப்ரண்டிஸ் முடித்தவர்களைக் கேட்டது. 

“கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் கம்பெனி ஆள்”

சாக்கன் ஆலைகளின் ஷிப்ட் பஸ்ஸில் ஏறுபவர்களில் பலர் டேக்கேதாரின், அதாவது ஒப்பந்தக்காரரின் ஆட்கள். சட்டையில் கம்பெனி முத்திரை இருக்கும்; சம்பளம் வேறு பெயரில் வரும். இது தவறான வேலை என்று சொல்ல முடியாது. யாரிடம் வேலை செய்கிறோம் என்று தெரியாமல் செய்வதில்தான் ஆபத்து. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் சொல்கின்றன. அந்தக் கடிதத்தில் முதலாளி என்று எழுதியிருக்கும் பெயரைப் படிக்க வேண்டும்.

மாதாமாதம் பிடிக்கும் பணம் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. பி.எஃப்.-க்குத் தொழிலாளர் பங்கு 12 சதவீதம், அதே அளவு முதலாளியின் பங்கு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கான தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.-யில் தொழிலாளர் பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25 சதவீதம். உமங் செயலியில் யூ.ஏ.என். கணக்கைத் திறந்தால் எந்த மாதம் பணம் கட்டப்பட்டது, எது விடுபட்டது என்பது தெரியும். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால் எல்லாம் போயிற்று என்பதும் தவறு: ஆலையை நடத்தும் முதன்மை முதலாளி அந்தச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். அதைக் கேட்க அடையாள அட்டை, வருகைப் பதிவு, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். அவற்றை முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வைப்பது நல்லது.

“பாண்ட் எழுதிக் கொடுத்தால் விலகவே முடியாது”

யாரையும் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் பாண்டின் வலு நஷ்டஈட்டோடு முடிகிறது. அதிலும் ஒப்பந்தத்தில் எழுதிய தொகையே உச்சவரம்பு; நியாயமான இழப்புக்கு மேல் கேட்க முடியாது. அதற்காக பாண்ட் வெறும் காகிதம் என்று எண்ணவும் கூடாது. விஜயா வங்கி வழக்கில் மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அசல் சான்றிதழ்களை அடகு போல வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் வேறு விஷயம். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டியவை அவை. நகலைக் கொடுத்து அசலைக் காட்டினால் போதும்.

“மராட்டி தெரியாத வெளியூர்க்காரருக்கு இங்கே இடமில்லை”

உள்ளூர்வாசிகளுக்கு 80 சதவீத வேலை என்ற மகாராஷ்டிர ஏற்பாடு 2008-ஆம் ஆண்டு அரசாணையாக வந்தது. மாநில அரசின் ஊக்கச்சலுகை பெறும் தொழிற்சாலைகளுக்கு உரிய நிபந்தனை அது. மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டு வாழ்ந்தவரும் அந்தக் கணக்கில் உள்ளூர்வாசிதான். ஆகவே கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் பிறந்து வளர்ந்த தமிழர் அந்த 80-க்குள் வருவார். தனியார் துறையில் 75 சதவீதம் ஒதுக்கிய ஹரியானா சட்டத்தை அந்த மாநில உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்துசெய்தது. மாநில அரசுப் பணிக்கு மராட்டி அவசியம், அதில் மாற்றமில்லை. ஐ.டி. அலுவலகத்தில் ஆங்கிலத்தோடு காலம் தள்ளலாம். ஆலைத் தளத்திலும் மருத்துவமனையிலும் கடையிலும் மராட்டி பேசுபவருக்குத் தனி மதிப்பு உண்டு. ஆறு மாதம் முயன்றால் பேச்சு மராட்டி வந்துவிடும்.

“நாகாவில் நிற்பவருக்கு எந்தப் பதிவும் இல்லை”

விடியற்காலையில் வார்ஜே, காத்ரஜ் பக்கத்துச் சந்திப்புகளில் நாள்கூலிக்கு ஆள் எடுப்பார்கள். நாகா என்றும் மராட்டியில் ‘மஜூர் அட்டா’ என்றும் சொல்லப்படும் இந்த இடங்களில் நிற்கும் கட்டடத் தொழிலாளி 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, கடந்த பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் மகாராஷ்டிரக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராகலாம். எந்த மாநிலத்தில் பிறந்தவர் என்பது தடையாகாது. கட்டடச் செலவில் ஒரு சதவீதமாக வசூலிக்கும் வரியிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் வாரியம் உதவுகிறது. மற்ற முறைசாராத் தொழிலாளர்களுக்கு 2021 ஆகஸ்ட் 26-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு உண்டு. 16 முதல் 59 வயது வரை, கட்டணமின்றி. வாரியப் பதிவுக்கு அந்த 90 நாள் சான்றைக் கட்டட ஒப்பந்தக்காரரோ உரிய உள்ளாட்சி அலுவலரோ எழுதித் தர வேண்டும். நாகாவிலிருந்து ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆள் கூட்டிப்போவதால் அதை ஆண்டின் கடைசியில் தேடிப் பெறுவது கடினம். எந்தத் தளத்தில், யாரிடம், எத்தனை நாள் என்று அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வைத்தவரால் கேட்டு வாங்க முடியும்.