வானுக்கும் சட்டம் உண்டு

தன் வான்வெளியில் ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறையாண்மை உண்டு என்கிறது 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கை. அப்படியென்றால் அத்துமீறி நுழையும் பயணிகள் விமானத்தைச் சுடலாமா? 1983இல் சோவியத் போர் விமானம் கொரிய விமானமொன்றை வீழ்த்தியது. 269 பேர் மாண்டனர். மறு ஆண்டே, பறக்கும் பயணிகள் விமானத்தின்மீது ஆயுதம் பயன்படுத்தலாகாது எனும் '3 பிஸ்' விதி ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வந்ததோ 1998இல்!

கிள்ளானில் வளர்ந்த எனக்கு இது வெறும் பாடமன்று. 2014 ஜூலை 17ஆம் நாள், கோலாலம்பூர் நோக்கி வந்த எம்.எச்.17 கிழக்கு உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது நான் தமிழ்ப்பள்ளி மாணவன். மாண்டவர் 298 பேர். அவர்களுள் மலேசியர் 43. ரஷ்யா தன் கடமையை மீறியது என்று அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து அமைப்பின் மன்றம் 2025 மே 12இல்தான் முடிவு செய்தது. வழக்குத் தொடுத்தவை ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும். விமானம் நம்முடையது, வழக்காடியோர் வரிசையில் நாம் இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.