அவலநகையும் ஆதரவற்ற குழந்தைகளும்: லெமனி ஸ்னிக்கெட் தொடர் குறித்த வாசகர் கருத்துகளும் கவிமணியின் மருமக்கள்வழி மான்மியமும்

ஆய்வுச் சுருக்கம்

பெற்றோரை இழந்த மூன்று குழந்தைகளின் துன்பங்களை நகைச்சுவையோடு கூறும் லெமனி ஸ்னிக்கெட்டின் பதின்மூன்று நூல் தொடர், வாசகரிடையே முரண்பட்ட கருத்துகளை எழுப்பியது. குழந்தையின் துயரம் நகைப்புக்கு உரியதாகலாமா என்பதே அக்கருத்துகளின் மையம். அவ்வினாவைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கோட்பாட்டின் துணையோடும், சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் அங்கத நூலோடு ஒப்பிட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அவலநகை, மெய்ப்பாடு, வாசகர் ஏற்பு, மருமக்கள்வழி, காப்பாளர், குழந்தை இலக்கியம்.

முன்னுரை

நகையும் அழுகையும் தம்முள் மாறுபட்ட மெய்ப்பாடுகள். அவ்விரண்டும் ஒரே நிகழ்வில் கலந்து தோன்றும்போது பிறக்கும் சுவையை 'அவலநகை' எனலாம். வளர்ந்தோர் இலக்கியத்தில் இச்சுவை புதிதன்று. குழந்தைகளுக்கான நூலில், அதுவும் ஆதரவற்ற குழந்தைகளைப் பற்றிய நூலில் இடம்பெறும்போதுதான் அது விவாதப் பொருளாகிறது. அமெரிக்க எழுத்தாளர் டேனியல் ஹாண்ட்லர், லெமனி ஸ்னிக்கெட் என்னும் புனைபெயரில் 1999 முதல் 2006 வரை எழுதிய தொடர் இதற்குத் தக்க சான்று. 2004இல் திரைப்படமாகவும், 2017 முதல் 2019 வரை நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் அது வெளிவந்தது.

தமிழில் இத்தகைய குழந்தை நூல் வரிசை வேரூன்றவில்லை. எனினும் காப்பற்ற குழந்தைகளின் நிலையை நகையோடு உரைக்கும் மரபு தமிழில் உண்டு. அம்மரபு குழந்தை இலக்கியத்துக்கு வெளியே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தொடரின் அமைப்பு

வயலட், கிளாஸ், சன்னி என்னும் பாதலேர் குழந்தைகள் தீ விபத்தில் பெற்றோரை இழக்கின்றனர். பெற்றோர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம், வயலட் உரிய வயதை அடையும்வரை வங்கி அலுவலர் போவின் பொறுப்பில் இருக்கிறது. அச்செல்வத்தைக் கவர முயலும் உறவினனான ஓலாப் பிரபு, மாறுவேடமிட்டு அவர்களைத் தொடர்கிறான். முதல் ஏழு நூல்களில் குழந்தைகள் ஒரு காப்பிடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படுகின்றனர். எட்டாம் நூல் முதல் காப்பாளர் எவருமின்றி அலைகின்றனர்.

கதைசொல்லியாகிய ஸ்னிக்கெட்டும் ஒரு பாத்திரமே. இந்நூலை மூடிவைத்துவிட்டு மகிழ்ச்சியான வேறொன்றைப் படிக்குமாறு அவர் வாசகரை எச்சரித்துக்கொண்டே இருப்பார். அருஞ்சொற்களுக்கு நிகழ்வோடு பொருந்தும் விசித்திரமான பொருள் உரைப்பார்.

வாசகர் கருத்துகள்

இத்தொடர் பற்றிய கருத்துகளை நான்காக வகுக்கலாம். முதலாவது, ஒரே கதையமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது என்பது. குழந்தைகள் புதிய காப்பாளரிடம் சேர்வதும், ஓலாப் மாறுவேடத்தில் வருவதும், பெரியவர்கள் அவனை அறியாதிருப்பதும் முதல் ஏழு நூல்களில் ஏறத்தாழ வாய்பாடாகவே அமைந்துள்ளன. இரண்டாவது, பெரியவர் யாவரும் இத்துணை அறிவிலிகளாக இருப்பது நம்பத்தகாதது என்பது. மூன்றாவது, வி.எஃப்.டி. என்னும் மறைக்குழு, சர்க்கரைக் கிண்ணம் முதலான புதிர்கள் இறுதிவரை முழுமையாக அவிழ்க்கப்படவில்லை என்னும் ஏமாற்றம். நான்காவது, குழந்தைகளின் துன்பத்தை விளையாட்டுப் பொருளாக்குவது இளம் வாசகருக்கு ஏற்றதன்று என்னும் அறநோக்கு எதிர்ப்பு.

இவற்றுக்கு மாறாக, குழந்தைகளை அறிவுடையோராக மதிக்கும் அரிய நூல் இது என்னும் பாராட்டும் பரவலாக உண்டு. ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் கூறிய 'எதிர்பார்ப்பு எல்லை' என்னும் கருத்தாக்கம் இம்முரணை விளக்க உதவும். குழந்தை நூல் என்றால் நல்லோர் காப்பர், தீயோர் தண்டிக்கப்படுவர், முடிவில் ஐயம் நீங்கும் என்பது வாசகர் கொண்டுவரும் எதிர்பார்ப்பு. மேற்கண்ட நான்கு குறைகளும் இவ்வெதிர்பார்ப்பு மீறப்பட்ட இடங்களையே சுட்டுகின்றன. பாராட்டுவோர் போற்றுவதும் அதே இடங்களைத்தான்.

மெய்ப்பாட்டியல் நோக்கு

தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களையும், அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கையும் வகுத்துள்ளார். பாதலேர் குழந்தைகளிடம் அழுகையின் நான்கு களன்களும் பொருந்துகின்றன. பெற்றோரைப் பறிகொடுத்தது இழவு. முன்னிருந்த நிலை கெட்டது அசைவு. கையில் பொருளின்றி அலைவது வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு.

நகையின் களன்களோ அவர்களிடம் இல்லை. குழந்தைக்கு இயல்பெனக் கருதப்படும் பேதைமை போவிடமும் பிற காப்பாளரிடமும் காணப்படுகிறது. மடன், அதாவது கேட்டதை ஆராயாது அப்படியே நம்புதல், நீதிமன்றத்திடமும் ஊராரிடமும் காணப்படுகிறது. எள்ளல் கதைசொல்லியின் குரலில் உள்ளது. எனவே இத்தொடரில் அழுகை குழந்தையைச் சார்ந்தும், நகை பெரியவரைச் சார்ந்தும் நிற்கின்றன. குழந்தையின் துயரைக் கண்டு நகைக்கும் நூல் இது என்னும் எதிர்ப்பு, நகை எவரைக் குறித்தது என்பதைப் பிரித்தறியாமையால் எழுவது.

பாரி மகளிர்: நகையற்ற முன்வடிவம்

காப்பாளரைத் தேடி இடம் மாறும் ஆதரவற்ற மக்கள் என்னும் கருவைச் சங்க இலக்கியமே அறியும். பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்துச் சென்று, விச்சிக்கோனிடமும் (புறநானூறு 200) இருங்கோவேளிடமும் (புறநானூறு 201, 202) மணந்துகொள்ளுமாறு வேண்டுகிறார். வேண்டுகோள் பயனளிக்கவில்லை. ஒவ்வொரு வாயிலிலும் மறுப்பு என்னும் இவ்வடுக்கமைப்பு ஸ்னிக்கெட் தொடரின் அமைப்போடு ஒத்தது. ஆயின் இங்கு நகை இல்லை. காரணம், கபிலர் தாமே காப்பாளர். அவர் பேதையும் அல்லர், பொறுப்பைத் தட்டிக்கழிப்பவரும் அல்லர். காப்பவன் நேர்மையானவனாயின் இழவு அழுகையாகவே நிற்கும். அவன் பேதையாயின் அவ்விடத்தில் அவலநகை தோன்றும்.

மருமக்கள்வழி மான்மியம்

கவிமணி 1876இல் தேரூரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். அக்காலத்தில் திருவிதாங்கூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்தாய முறை வழக்கிலிருந்தது. குடும்பச் சொத்து காரணவரின் ஆட்சியில் இருந்து, அவருடைய உடன்பிறந்தாள் மக்களாகிய மருமக்களைச் சேரும். காரணவரின் மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை போன்ற சில வழக்கங்களால் ஓரளவு கிடைப்பினும், அது வழக்குக்கும் பூசலுக்கும் இடமாயிற்று. இம்முறையின் கேடுகளை எள்ளி எழுதப்பட்ட மான்மியம், திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்த 'தமிழன்' இதழில் தொடராக வெளியானது, 1942இல் நூலாயிற்று.

காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் துயரைத் தானே கூறுவதாக நூல் அமைந்துள்ளது. குலமுறை கிளத்து படலம், மாமி அரசியற் படலம், நாகாஸ்திரப் படலம், கருடாஸ்திரப் படலம், கோடேறிக் குடிமுடித்த படலம், கும்பியெரிச்சற் படலம் முதலிய பதினொரு படலத் தலைப்புகளே அங்கதத்தைத் தொடங்கிவைக்கின்றன. குலமுறை கிளத்து படலம் என்னும் பெயர் கம்பராமாயணப் பாலகாண்டத்தில் இராமனின் குலப்பெருமை கூறும் பகுதிக்கு உரியது. அப்பெருந்தலைப்பின்கீழ் ஒரு வீட்டின் சீர்கேடு பேசப்படும்போது எள்ளல் பிறக்கிறது. கோடேறிக் குடிமுடித்தல் என்பது நீதிமன்றப் படியேறிக் குடும்பத்தை அழித்தல். தலைப்பிலேயே நகையும் இழவும் ஒன்றாகின்றன.

ஒப்பீடு

இரு படைப்புகளிலும் துன்பத்துக்கு மூலம் சொத்துரிமை. பாதலேர் குழந்தைகளுக்குச் செல்வம் உண்டு, காப்பவர் இல்லை. மான்மியத்தின் குழந்தைகளுக்குத் தந்தை உண்டு, அவர் ஆளும் செல்வத்தில் உரிமை இல்லை. முன்னவர் தந்தையின்றி அனாதைகள். பின்னவர் தந்தை இருந்தும் அனாதைகள்.

ஸ்னிக்கெட்டின் முதல் நூலில் குழந்தைகளை அன்போடு வளர்க்க அண்டை வீட்டு நீதிபதி ஸ்ட்ராஸ் முன்வருகிறார். உறவினரே வளர்க்க வேண்டும் என்பது பெற்றோரின் உயில் எனக் கூறிப் போ மறுக்கிறார். அன்பைவிட உறவுமுறையின் எழுத்து வலிதாகிறது. மருமக்கள்தாயத்திலும் நிகழ்வது அதுவே: வீட்டில் வளரும் மகனைவிட, விதி சுட்டும் மருமகன் உரிமையுடையவன். பன்னிரண்டாம் நூலில், வழக்கை விசாரிக்கும் மூன்று நீதிபதிகளுள் இருவர் தீயோர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என வெளிப்படுகிறது. கோடேறுதலால் குடி காக்கப்படாது என்னும் கவிமணியின் எள்ளலோடு இது நெருங்கி நிற்கிறது.

பெரியவர் அனைவரும் அறிவிலிகளாக இருத்தல் நம்பத்தகாதது என்னும் வாசகர் கருத்தை இவ்விடத்தில் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். தனிமனிதர் எல்லாரும் பேதையராதல் இயல்பன்று. ஆனால் ஒரு வழக்கத்தை ஆராயாது பின்பற்றும் சமூகத்தில், அறிவுடையோரும் பேதையர்போல் செயற்படுவர். நாஞ்சில் நாட்டில் அது பல தலைமுறைகளின் நடைமுறையாக இருந்தது. ஸ்னிக்கெட்டின் மிகைப்படுத்தல் எனத் தோன்றுவது, மான்மிய வாசகருக்கு அன்றாடச் செய்தி.

வேறுபாடுகளும் உள. மான்மியத்தில் துன்புற்றவளே பேசுகிறாள். ஆதலின் நகைக்கும் உரிமை அவளுக்கு உண்டா என்னும் வினா எழுவதில்லை. ஸ்னிக்கெட் பிறர் துயரைக் கூறுபவர். எச்சரிக்கைகளும் வருத்த மொழிகளும் அவ்வுரிமையை அவர் ஈட்டிக்கொள்ளும் முயற்சிகள். மேலும், மான்மியத்தின் குழந்தைகள் பேசப்படுவோரே அன்றிப் பேசுவோர் அல்லர். ஸ்னிக்கெட்டின் குழந்தைகள் படிக்கின்றனர், கருவிகள் இயற்றுகின்றனர், தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றனர்.

வாசிப்பின் பயன்

1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் திருவிதாங்கூரில் நிறைவேறியது. சுசீந்திரம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக எம்.ஈ. நாயுடு தலைமையில் சத்தியாக்கிரகம் நிகழ்ந்ததும் அவ்வாண்டே. வழக்கம் என்பதனாலேயே ஒன்று நியாயமாகாது என்னும் எண்ணம் அப்பகுதியில் பல முனைகளில் வலுப்பெற்ற காலம் அது. சட்ட மாற்றத்துக்கு மான்மியம் மட்டுமே காரணம் என்பது மிகை. எனினும் சீர்திருத்த விவாதம் நடந்துகொண்டிருந்த சூழலில் அது வாசிக்கப்பட்டது என்பது பொருட்படுத்தத் தக்கது. நூலாக வந்த 1942இல் சட்டம் மாறிப் பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. இதழில் படித்தவர்க்குக் கண்முன் நிகழ்ந்த கொடுமை, நூலில் படித்தவர்க்குக் கடந்தகால ஆவணம். அழுகை தேய்ந்து நகை மிகுந்த இம்மாற்றம், அவலநகையின் விகிதத்தை வாசகர் காலமும் தீர்மானிக்கிறது என்பதைக் காட்டும்.

அதே கவிமணி குழந்தைகளுக்கு எழுதியபோது பசுவையும் கன்றையும் கிளியையும் பாடினார். நூலில் ஏறிய எள்ளல் குழந்தைப் பாடலில் ஏறவில்லை. குழந்தைக்கு இனிமை, பெரியவர்க்கு அவலநகை என்னும் இப்பகுப்பு பின்வந்த தமிழ்க் குழந்தை இலக்கியத்திலும் பெரிதும் தொடர்ந்தது. சொத்தும் உறவும் காப்பும் இழந்த குழந்தை, தன்னைப் பற்றிய நகையைப் படிக்கும் வாய்ப்பு இப்பகுப்பால் குறைந்தது.

முடிவுரை

ஸ்னிக்கெட் தொடர் குறித்த வாசகர் எதிர்ப்புகள் குழந்தை நூல் பற்றிய எதிர்பார்ப்பிலிருந்து பிறப்பவை. மெய்ப்பாட்டு நோக்கில், இத்தொடரின் அழுகை குழந்தையையும் நகை காப்பாளரையும் சார்ந்துள்ளது. மருமக்கள்வழி மான்மியத்திலும் நகை, காரணவரையும் அவரைத் தாங்கும் வழக்கத்தையுமே நோக்குகிறது. ஆகவே அவலநகை துன்புறும் குழந்தையை இழிவுபடுத்துவது அன்று. காக்கத் தவறியோரைக் கணக்குக் கேட்பது. இடுக்கண் வரும்போது நகுமாறு கூறும் வள்ளுவர், அந்நகையைத் துன்பத்தை வெல்லும் வலிமையாகவே காண்கிறார். அவ்வலிமையைக் குழந்தை வாசகருக்கு மறுப்பதற்குத் தமிழ் மரபில் கோட்பாட்டுத் தடை ஏதும் இல்லை. உள்ளது பழக்கத் தடையே.